பதிவேட்டில் ஒரு பெயர்: தற்காலிகப் பாதுகாப்பின் வரலாறு



முதலாம் ஆண்டு மாணவர் பதிவு நாளில் பள்ளி மேசைக்குப் பின்னால் அமர்ந்த அனுபவம் ஆசிரியர்களாகிய நம்மில் பலருக்கும் உண்டு. பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை, வீட்டு முகவரி. எல்லாம் சரியாக இருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால், எப்போதாவது ஒரு தாய் வெறுங்கையுடன் வந்து நிற்பார். பிள்ளை எதிரே நிற்கிறது. நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆனாலும், தாளில் அந்தப் பிள்ளை இல்லை. அந்தச் சில நிமிடங்களின் கனம் மேசையின் இரு பக்கத்தில் இருப்போருக்கும் தெரியும்.

2022-ஆம் ஆண்டில் உக்ரேனிலிருந்து போருக்குத் தப்பி வந்த பல இலட்சம் தாய்மார்கள், ஐரோப்பிய நாடுகளின் அலுவலகங்களில் இப்படிப்பட்ட மேசைகளின் முன் பிள்ளைகளோடு நின்றார்கள். புதிய நாட்டில் குடியிருப்பாளராகப் பதிந்துகொள்ள அவர்களுக்கு உதவிய ஏற்பாட்டின் பெயர் ‘தற்காலிகப் பாதுகாப்பு’. அது ஒரே நாளில் பிறந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் நூறாண்டு வரலாறு உண்டு. அதனை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நல்லது என்பதால் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

நான்சன் கடப்பிதழ்

1917-ஆம் ஆண்டுப் புரட்சியையும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரையும் அடுத்து, பல இலட்சம் இரஷ்யர்கள் நாட்டை விட்டு வெளியேறினர். 1921 டிசம்பரில் சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்து, அவ்வாறு வெளியேறியவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. எந்த நாட்டுக்கும் உரியவரல்லாத ஒரு பெருங்கூட்டம் ஐரோப்பாவில் உருவானது. அவர்களிடம் செல்லத்தக்க கடப்பிதழ் இல்லை. எல்லையைக் கடக்கவும் வேலை தேடவும் வழியில்லை.

அப்போது உலக நாடுகள் சங்கத்தின் அகதிகளுக்கான உயர் ஆணையராக இருந்தவர் நார்வே நாட்டின் பிரிட்ஜோப் நான்சன். 1888-இல் கிரீன்லாந்துப் பனிப்பரப்பைப் பனிச்சறுக்கில் கடந்த துருவ ஆய்வாளர் அவர். அவர் முயற்சியால் 1922 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய நாடுகள், இந்த மக்களுக்கென ஓர் அடையாளச் சான்றிதழை வழங்க ஒப்புக்கொண்டன. அதுவே ‘நான்சன் கடப்பிதழ்’ எனப் பெயர் பெற்றது. 1924-இல் அது ஆர்மீனியர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசாங்கங்கள் அதனை ஏற்றன. ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர் அதனைப் பெற்றனர். இசையமைப்பாளர் ஸ்திராவின்ஸ்கி, எழுத்தாளர் நபோகோவ் ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். 1922-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு நான்சனுக்கு வழங்கப்பட்டது.

அந்தச் சான்றிதழ் யாருக்கும் குடியுரிமை தரவில்லை. அதற்கென ஒரு கால வரம்பும் இருந்தது. புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘இவர் இன்னார்’ என்று மட்டுமே அது கூறியது. அந்த ஒரு வரியே பலருக்கு வாழ்வு கொடுத்தது.

தனித்தனி விசாரணையும் திரண்டு வந்த மக்களும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1951 ஜூலை 28-ஆம் நாள் ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை உருவானது. இனம், மதம், தேசியம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் உடையவரே அகதி என்று அது வரையறுத்தது. இவ்வரையறையின்படி ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பதே பல நாடுகளில் வழக்கமானது. ஒருவர் தம் கதையைச் சொல்ல வேண்டும். அதிகாரி அதனை ஆராய வேண்டும். முடிவு வர மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் ஆகும்.

ஒரே வாரத்தில் ஓர் ஊரே எல்லையில் வந்து நின்றால் என்ன செய்வது? 1992-இல் போஸ்னியப் போர் இந்தக் கேள்வியை ஐரோப்பாவின் முன் வைத்தது. ஜெர்மனி மட்டும் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் போஸ்னியர்களை ஏற்றது. அவர்களில் பலருக்குக் கிடைத்தது, நாட்டை விட்டு வெளியேற்றுவதைத் தள்ளிவைக்கும் ஓர் அனுமதி மட்டுமே. சில மாதங்களுக்கு ஒருமுறை வரிசையில் நின்று அதனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 1995 டிசம்பரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானதும் திரும்பிச் செல்லும்படி அறிவுறுத்தப்பட்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களின் பிள்ளைகள் ஜெர்மானிய மொழியில் படிக்கக் கற்றிருந்தனர்.

1999-இல் கொசோவோவிலிருந்து எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அல்பானிய இனத்தவர் சில வாரங்களுக்குள் துரத்தப்பட்டனர். எல்லையில் செர்பியப் படையினர் பலரின் அடையாள அட்டைகளையும் கடப்பிதழ்களையும் பிடுங்கி அழித்தனர். வாகன எண் பலகைகளைக்கூட கழற்றிக்கொண்டனர். வீட்டை எரித்தால் மீண்டும் கட்டலாம். நீ இந்த ஊரைச் சேர்ந்தவன் என்பதற்கான சான்றையே அழித்துவிட்டால் திரும்பி வந்து உரிமை கேட்பது எப்படி? ஒரு பதிவுத்தாளின் மதிப்பைப் பகைவர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர்.

இருபது ஆண்டுகள் உறங்கிய சட்டம்

இந்தப் பட்டறிவின் விளைவாக, 2001 ஜூலை 20-ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்புச் சட்ட ஆணையை இயற்றியது. பெருந்திரளாக வரும் மக்களைத் தனித்தனியாக விசாரிக்காமல், ஒரு கூட்டமாகவே ஏற்றுக்கொள்ள அது வழி செய்தது. தங்கும் அனுமதி, வேலை செய்யும் உரிமை, உறைவிடம், மருத்துவ உதவி ஆகியவற்றோடு, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அந்நாட்டுப் பிள்ளைகளைப் போலவே அரசுப் பள்ளியில் கல்வி கற்கும் உரிமையையும் அது வழங்கியது.

எனினும், 2011-இலும் 2015-இலும் பிற நாட்டு மக்கள் பெருமளவில் ஐரோப்பாவிற்கு வந்தபோது அச்சட்டம் கையில் எடுக்கப்படவில்லை. இருபது ஆண்டுகள் அது ஏட்டிலேயே கிடந்தது. 2022 பிப்ரவரி 24-ஆம் நாள் இரஷ்யா உக்ரேன்மீது முழு அளவில் படையெடுத்தது. எட்டே நாளில், அதாவது மார்ச் 4-ஆம் நாள், அச்சட்டம் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. நான்கு மில்லியனுக்கும் மேற்பட்டோர் அதன்கீழ்ப் பாதுகாப்புப் பெற்றனர். ஜெர்மனியும் போலந்தும் அதிகமானோரை ஏற்றன. மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் செக் குடியரசு முன்னணியில் நின்றது. டென்மார்க் இந்த ஏற்பாட்டில் சேராமல் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது.

எல்லாரும் இதனுள் அடங்கிவிடவில்லை. பிப்ரவரி 24-ஆம் நாளுக்கு முன் உக்ரேனில் வசித்த அந்நாட்டுக் குடிமக்களுக்கும், அங்கே ஏற்கனவே அகதிப் பாதுகாப்புப் பெற்றிருந்தோருக்கும், அவர்களின் குடும்பத்தினருக்குமே அது முதன்மையாக உரியது. அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டு மாணவர்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்களும் அதே குண்டுவீச்சிலிருந்துதான் தப்பி ஓடினார்கள். ஆனால், பாதுகாப்பாகத் திரும்பிச் செல்ல ஒரு தாயகம் இருந்ததால் அவர்கள் இந்தப் பதிவேட்டில் இடம்பெறவில்லை. இந்திய அரசின் சிறப்பு விமானங்களில் ஊர் திரும்பினர்.

போலந்தின் பதிவு மேசை

போலந்து 2022 மார்ச் 12-ஆம் நாள் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அடுத்த சில நாள்களில் நகராட்சி, ஊராட்சி அலுவலகங்களில் பதிவு தொடங்கியது. கூட்டம் அலைமோதவே, வார்சாவிலுள்ள தேசிய விளையாட்டரங்கமே பதிவு நிலையமாக மாற்றப்பட்டது. 2012-இல் போலந்தும் உக்ரேனும் இணைந்து நடத்திய ஐரோப்பியக் காற்பந்துப் போட்டியின் தொடக்க ஆட்டம் நடந்த அதே அரங்கம். பத்து ஆண்டுகள் கழித்து, அதன் வாசலில் தாய்மார்கள் விடியற்காலையிலேயே வரிசை பிடித்து நின்றனர்.

ஒரு பாரம், ஒரு நிழற்படம், பன்னிரண்டு வயதைக் கடந்தோரின் கைரேகை, கையில் இருக்கும் ஆவணம். இவற்றைக் கொடுத்தால் ‘பெசெல்’ என்னும் பதினொரு இலக்க எண் கிடைக்கும். போலந்துக் குடிமக்கள் அனைவருக்கும் உரிய அதே எண் வரிசைதான் அது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிக்கும். 2000-ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு மாத எண்ணோடு இருபதைக் கூட்டி எழுதுவார்கள். ஆகவே, 2015 மார்ச் 9-இல் பிறந்த பிள்ளையின் எண் 152309 என்று தொடங்கும். பத்தாவது இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். கடைசி இலக்கம் பிழை காண உதவும் சரிபார்ப்பு எண்.

இந்த எண்ணைக் கொண்டு வேலையில் சேரவும், மருத்துவரைப் பார்க்கவும், வங்கிக் கணக்கு திறக்கவும், பிள்ளைகளுக்கான மாதாந்திர உதவித்தொகை பெறவும் 2022-இல் முடிந்தது. ஆனால், முப்பது நாளுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தால் அந்தச் சிறப்புத் தகுதி போய்விடும். ஊரில் நோயுற்றுக் கிடக்கும் தாயைப் பார்க்கச் சென்றவர்கள்கூட நாள் எண்ணித்தான் திரும்ப வேண்டியிருந்தது.

பதினெட்டு முதல் அறுபது வயது வரையிலான ஆண்களில் பெரும்பாலோருக்கு 2022-இல் உக்ரேனை விட்டு வெளியேற அனுமதி இல்லை. எனவே, வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் முதியோருமே. பெற்றோர் இல்லாமல் பாட்டியுடனோ உறவினருடனோ வந்த பிள்ளைகளுக்காக, நீதிமன்றம் தற்காலிகக் காப்பாளரை நியமிக்கும் முறையும் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டது. பள்ளியில் சேர்க்கும்போது யார் கையெழுத்திடுவது என்னும் கேள்விக்கு அவ்வாறு விடை காணப்பட்டது.

ஒரு பெயரை எழுதுவது எப்படி?

பெயரைப் பதிவதில் எழும் சிக்கலை நாம் எளிதில் புரிந்துகொள்வோம். உக்ரேனியர்கள் சிரில்லிக் எழுத்தில் எழுதுகிறார்கள். போலந்தில் உரோமன் எழுத்து. உக்ரேனியப் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதும் முறையை அந்நாட்டு அரசு 2010-இல் சீராக்கியது. அதற்கு முன்னர் கடப்பிதழில் ‘இயெவ்கென்’ என்பதுபோல் எழுதப்பட்ட பெயர், புதிய முறையில் ‘யெவ்ஹென்’ ஆனது. ஒரே மனிதரின் இரு ஆவணங்களில் இரு எழுத்துக்கூட்டல்கள். எழுத்தர் எதைப் பதிவது?

உக்ரேனியப் பெயரில் தந்தையின் பெயரிலிருந்து பிறந்த ஒரு நடுப்பெயரும் உண்டு. போலந்துப் பாரங்களில் அதற்கு இடமில்லை. நம் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கச் செல்லும்போது, ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று குழம்புவதும், தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டுத் தவிப்பதும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? ஓர் எழுத்துப் பிழையால் உதவித்தொகை தடைபடலாம். தேர்வுச் சான்றிதழில் வேறொருவர் பெயர் இருப்பது போலாகிவிடலாம்.

பள்ளியும் கடிகாரமும்

தொடக்கத்தில் உக்ரேனியப் பிள்ளைகள் பலர் போலந்துப் பள்ளியில் சேராமல், இணையம்வழி தாய்நாட்டுப் பள்ளியிலேயே பயின்றனர். ‘அடுத்த மாதம் வீடு திரும்பிவிடுவோம்’ என்ற நம்பிக்கையே காரணம். பள்ளியில் சேர்ந்தோருக்கு வாரந்தோறும் போலந்து மொழி வகுப்புகள் கூடுதலாக நடத்தப்பட்டன. மாதங்கள் ஆண்டுகளாயின. 2024 செப்டம்பர் 1 முதல் போலந்து அரசு அப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கல்வியைக் கட்டாயமாக்கியது.

தற்காலிகப் பாதுகாப்பு முதலில் ஓராண்டுக்கென அறிவிக்கப்பட்டது. பின்னர் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2025-இல் எடுக்கப்பட்ட முடிவு அதனை 2027 மார்ச் 4 வரை நீட்டித்தது. அதாவது ஐந்து ஆண்டுகள். 2022-இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அதற்குள் பன்னிரண்டு வயது நெருங்கியிருக்கும். சட்டம் ‘தற்காலிகம்’ என்கிறது. பிள்ளையின் தொடக்கக் கல்வி முழுவதும் அந்தத் தற்காலிகத்திற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தாய்மொழியில் எழுத மறந்துவிடுமோ என்று தாய் அஞ்சுகிறாள். புதிய மொழியில் பின்தங்கிவிடுமோ என்று ஆசிரியை அஞ்சுகிறார். இருவர் அச்சமும் நியாயமானதே.

நம் மண்ணில்

இது எங்கோ நடப்பது என்று நாம் தள்ளிவிட முடியாது. திரங்கானு கடற்கரைக்கு அப்பால், ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டரே பரப்புள்ள பீடோங் தீவில், 1978 முதல் 1991 வரை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வியட்நாமியர் தங்கிச் சென்றனர். 1979-இன் நடுவில் ஒரே நேரத்தில் நாற்பதாயிரம் பேர் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தனர். அங்கும் வந்தவர்களைப் பதிந்தார்கள். வந்த படகுக்கு ஓர் எண். அந்த எண்ணே குடும்பத்தின் முகவரி. ஆனால், மலேசியா அவர்களைக் குடியிருப்பாளராக ஏற்கவில்லை; வேறு நாடு ஏற்கும் வரை தங்க மட்டுமே இடமளித்தது. நம் நாடு 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அதனால், இலங்கைத் தமிழர் உட்பட இங்குள்ள அகதிகளின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர வழியின்றி, கற்றல் மையங்களிலேயே படித்து வந்துள்ளனர்.

நம் சமூகத்தின் கதையும் உண்டு. 1957-இல் நாடு விடுதலை பெற்ற காலத்தில் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளத் தவறிய தோட்டப்புற மக்கள் பலர், பின்னாளில் சிவப்பு அடையாள அட்டையுடன் காலம் தள்ளினர். ‘இங்கேதானே இருக்கிறோம், தாள் எதற்கு?’ என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாததாலும், எடுத்துச் சொல்ல ஆளில்லாததாலும் விட்டிருக்கலாம். 1969-இல் குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பல்லாயிரவர் தலைமுறைகளாய் வாழ்ந்த மண்ணை விட்டுக் கப்பலேறினர். அன்று ஒரு பாரத்தை நிரப்பாமல் விட்டதன் விளைவை இன்றும் சில குடும்பங்கள் சுமக்கின்றன.

ஆகவே, அன்பார்ந்த பெற்றோர்களே, பிள்ளை பிறந்தவுடன் பிறப்பைப் பதியுங்கள். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். ஆசிரிய நண்பர்களே, அடுத்த பதிவு நாளில் தாளின்றி ஒரு தாய் வந்தால், ‘பத்திரம் இல்லையென்றால் முடியாது’ என்று அனுப்பிவிடாமல், எங்கே செல்ல வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் உடன் செல்லுங்கள்.