28 வருஷம் கழித்துச் சிக்கிய ஃபெராரி: பழைய கார்கள் மேல் திருடர்களுக்கு ஏன் இவ்வளவு கண்?

1995 ஏப்ரல். இத்தாலியின் இமோலாவில் சான் மரினோ கிராண்ட் ப்ரீ கார் பந்தயம். அந்த நேரத்தில் ஃபெராரி அணியின் இரண்டு வீரர்கள், கெர்ஹார்ட் பெர்கரும் ஜான் அலெசியும், ஆளுக்கொரு ஃபெராரி காரைத் திருடர்களிடம் பறிகொடுத்தார்கள். பெர்கருடையது சிவப்பு நிற எஃப்512எம். போனது போனதுதான், தகவலே இல்லை.

2023-ல் அமெரிக்கர் ஒருவர், பிரிட்டனில் உள்ள தரகர் மூலம் ஒரு எஃப்512எம் வாங்கப் பார்த்தார். ஃபெராரி நிறுவனம் அந்தக் காரின் விவரங்களைச் சரிபார்த்தபோது குட்டு உடைந்தது. அது பெர்கரின் கார். லண்டன் போலீஸ் நாலே நாளில் அதை மீட்டது. திருடுபோன கொஞ்ச நாளிலேயே ஜப்பானுக்குக் கப்பலேறி, 2023 கடைசியில் பிரிட்டன் வந்திருக்கிறது. மதிப்பு சுமார் 3.5 லட்சம் பவுண்டு.

ஃபெராரி என்றால் காசு, திருடுகிறார்கள், சரி. ஆனா ஏ.சி. கூட இல்லாத 50 வருஷத்து காரை எதுக்குத் திருடணும்?

சாவியில் சிப் இல்லை

முதல் காரணம், சுலபம். இன்றைய கார் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதைக் காரின் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். இதற்குப் பெயர் இம்மொபிலைசர். ஐரோப்பாவில் 1998 அக்டோபரில் இருந்து புது கார்களில் இது கட்டாயம். (புது கார்களும் திருடுபோகின்றன, அதற்குத் தனியாகக் கருவி வேணும்.) 1960, 70-களின் பல கார்களில் கதவுப் பூட்டும் இக்னிஷன் சுவிட்சும் மட்டும்தான் காவல்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கார்களைப் பலரும் மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியே எடுப்பார்கள். கார் காணோம் என்று தெரியவே சில வாரம் ஆகலாம்.

காரை அல்ல, நம்பரை மாற்றுகிறார்கள்

திருடுவதைவிட விற்பதுதானே கஷ்டம்? பழைய காரில் அதுவும் சுலபம். இன்று ஒவ்வொரு காருக்கும் 17 இலக்க அடையாள எண் உண்டு. அமெரிக்காவில் 1981 மாடல் கார்களில் இருந்துதான் இது ஒரே முறைக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. பல கார்களில் அந்த எண் ரிவெட் அடித்த சின்ன உலோகத் தகட்டில்தான் இருக்கும்.

திருடர்கள் செய்வது இதுதான்: ஓட்டவே முடியாத, ஆனால் காகிதம் சரியாக உள்ள அதே மாடல் ஓட்டை காரை மலிவாக வாங்குவார்கள். அதன் நம்பரைத் திருடிய காருக்கு மாற்றுவார்கள். ஆள் ஒருத்தர், ஆதார் இன்னொருத்தருடையது என்கிற மாதிரி.

'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தில் ஜான் ட்ரவோல்டா ஓட்டும் 1964 செவர்லே மாலிபு நினைவிருக்கிறதா? அது இயக்குநர் க்வென்டின் டாரன்டினோவின் சொந்தக் கார். 1994-ல் படம் வந்த கொஞ்ச நாளில் திருடுபோனது. 2013-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய மாலிபுவைப் பிரித்துக்கொண்டிருந்த இருவரைப் போலீஸ் பிடித்து, நம்பரைச் சோதித்தது. அதே நம்பரில் இன்னொரு காரும் பதிவாகியிருந்தது. தேடிப் போனால், அங்கே நின்றது டாரன்டினோவின் கார்!

அதை வைத்திருந்தவர் திருடர் இல்லை. திருட்டு கார் என்றே தெரியாமல் வாங்கியவர்.

இதில் ரொம்ப பாவம் அவர்தான். திருடனுக்கு ஒரு பொருள் மேல் உரிமை கிடையாது, அதனால் விற்கும் உரிமையும் கிடையாது. பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் பொதுவான சட்ட நிலை இதுதான். நல்லெண்ணத்தில் முழுப் பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். பழைய உரிமையாளருக்கு இன்சூரன்ஸ் பணம் ஏற்கெனவே போயிருந்தால், கார் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே போகும்.

முழுசா வேண்டாம், கதவு போதும்

சில நேரம் காரே தேவையில்லை. பிரிட்டனின் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் பழைய மாடல் உற்பத்தி 2016 ஜனவரி 29-ல் சோலிஹல் ஆலையில் நின்றது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன, உதிரி பாகங்களுக்குக் கிராக்கி. கதவு, பானெட் எல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை. ஸ்பேனர் இருந்தால் கழற்றிவிடலாம். பண்ணையில் நிறுத்திய வண்டியைக் காலையில் பார்த்தால் கதவு இருக்காது. ஒரு கதவு எந்த வண்டியுடையது என்று நிரூபிப்பதும் கஷ்டம்.

என்ன செய்யலாம்?

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டார் என்ற சின்னத் துண்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அது இல்லாமல் ஸ்பார்க் வராது, இன்ஜின் ஓடாது. பேட்டரியைத் துண்டிக்கும் மறைவான சுவிட்ச், ஸ்டீயரிங் லாக், ஜி.பி.எஸ். டிராக்கர் இவையும் உதவும். ஆனால் டிரக்கில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனால் டிராக்கரைத் தவிர மற்றது எதுவும் காப்பாற்றாது.

வாங்குபவர் தகட்டை மட்டும் பார்த்தால் போதாது. சேசிஸில் அச்சடித்த எண், இன்ஜின் எண், காகிதத்தில் உள்ள எண் எல்லாம் பொருந்துகிறதா, தகட்டின் ரிவெட் புதுசாக மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். தயாரித்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், அந்த எண்ணில் எந்த நிறக் கார் எப்போது ஆலையை விட்டுப் போனது என்ற பதிவு பல நேரம் கிடைக்கும். பணம் கொடுப்பதற்கு முன்னாடி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.