குயின் தெரு, ஜூன் 1951

பேச்சுரிமை என்றதும் இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம்தான். பேச்சையும் பத்திரிகையையும் சுருக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றக்கூடாது என்று 1791 முதல் அது சொல்லிக்கொண்டிருக்கிறது. விதிவிலக்கு எதையும் சொல்லவில்லை. நியூசிலாந்தில் அப்படி ஏன் இல்லை என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அந்த வரி இருந்த நாட்டிலும் இல்லாத நாட்டிலும் என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதம் போதும்: 1951 ஜூன்.

குயின் தெரு கடற்கரையில் தொடங்கி மேட்டை நோக்கி ஏறுகிறது. அதன் அடிவாரத்தில், இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமேடைகளில், அன்று இறைச்சியும் வெண்ணெயும் கம்பளியும் ஏற்றினார்கள். 1951 பிப்ரவரியில் துறைமுகத் தொழிலாளர்கள் கூலித் தகராறில் மிகைநேர வேலை செய்ய மறுத்தார்கள். முதலாளிகள் அவர்களை வேலைக்கே சேர்க்கவில்லை. அரசு இதை வேலைநிறுத்தம் என்றது. தொழிலாளர்கள் கதவடைப்பு என்றார்கள். எந்தப் பெயர் என்பதிலேயே பாதிச் சண்டை இருந்தது. ஆனால் இரண்டாவது பெயரை நாட்டுக்கு எடுத்துச்சொல்ல வழியில்லாமல் போயிற்று. சிட்னி ஹாலந்து அரசு பிறப்பித்த அவசரகால விதிகளின்படி தொழிலாளர் தரப்பைப் பத்திரிகையில் வெளியிடுவது குற்றம். துண்டறிக்கை அச்சிடுவது குற்றம். அவர்கள் குடும்பத்துக்கு உணவு கொடுப்பதும் குற்றம். அப்படியும் திருட்டுத்தனமாகத் துண்டறிக்கைகள் அச்சாகிக் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. ஜூன் 1, வெள்ளிக்கிழமை, குயின் தெருவில் ஊர்வலம் போன ஏறத்தாழ 1000 பேர்மீது போலீஸ் தடியடி நடத்தியது. பலருக்குக் காயம். ‘இரத்த வெள்ளி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இந்த விதிகளுக்குத் தாய்ச்சட்டம் அதே தெருவில் பிறந்ததுதான். 1932 ஏப்ரல் 14 அன்று, பெருமந்தத்தின் நடுவே, வேலையற்றோரின் கூட்டம் டவுன் ஹாலை நோக்கி வந்தது. கூட்டத்தாரிடம் பேச எழுந்த ஜிம் எட்வர்ட்ஸ் போலீஸ் தடியால் அடிபட்டு விழுந்தார். கூட்டம் வெறிகொண்டு குயின் தெருக் கடைகளின் கண்ணாடிகளை உடைத்தது. நாடாளுமன்றம் அவசர அவசரமாகப் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. உடைந்த கண்ணாடிகளை மாற்றிவிட்டார்கள். சட்டத்தை அப்படியே வைத்திருந்தார்கள். 19 ஆண்டுகள் கழித்து அது துறைமுகத் தொழிலாளர்கள்மேல் பாய்ந்தது.

குயின் தெருத் தடியடி நடந்த மூன்றாம் நாள், ஜூன் 4, வாஷிங்டனில் டென்னிஸ் வழக்கின் தீர்ப்பு வந்தது. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேர். குண்டு வைத்தார்கள் என்பதல்ல குற்றச்சாட்டு. அரசைக் கவிழ்க்க வேண்டும் என்று போதிக்கக் கூட்டுச் சேர்ந்தார்கள் என்பது. 6-க்கு 2 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. முதல் திருத்தம் தன் இடத்திலேயே, ஒரு சொல்லும் மாறாமல் இருந்தது.

மூன்றாவது, நம் வீட்டுக் கதை. சென்னை மாகாண அரசு கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிக்கொண்டிருந்த காலம். 1950 பிப்ரவரியில் சேலம் மத்தியச் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கைதிகள் இறந்தார்கள். அடுத்த மாதம், ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழ் மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். மே 26 அன்று, குடியரசுக்கு நான்கே மாதம் ஆகியிருக்கையில், தடை செல்லாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதியவர் சென்னைக்காரரான பதஞ்சலி சாஸ்திரி. அரசியல் சட்டம் அனுமதித்த வரம்பு நாட்டின் பாதுகாப்பு மட்டுமே, பொது ஒழுங்கு என்ற பெயரில் பத்திரிகையை நிறுத்த முடியாது என்றார். துணைக்கு அவர் அழைத்துக்கொண்டது அமெரிக்காவின் முதல் திருத்தத்தை வரைந்த மேடிசனை.

நேரு அரசின் பதில், இந்தியாவின் முதல் திருத்தம். 1951 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்தது. பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று புதிய வரம்புகளைச் சேர்த்தது. இரண்டு நாடுகளிலும் ஒரே பெயர். ஒன்று பேச்சைக் காக்க வந்தது, மற்றது கட்ட வந்தது. ஆனால் அதில் ‘நியாயமான’ என்ற ஒரு சொல்லும் நுழைந்ததை மறக்கக்கூடாது. கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்கலாம் என்றாயிற்று. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தியபோது, 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை விடுவித்தது இந்த வழியாகத்தான்.

பிறகு என்ன ஆயிற்று என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. அமெரிக்காவில் நீதிமன்றமே பின்வாங்கியது: உடனடி வன்முறையைத் தூண்டும் பேச்சைத்தான் தண்டிக்கலாம் என்று 1969-இல் சொன்னது. கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைக்காத அந்தப் பாதுகாப்பு கூ க்ளக்ஸ் கிளான் தலைவர் ஒருவரின் வழக்கில் வந்தது. இந்தியாவில் 1951-இன் வரம்புகள் இன்றும் இருக்கின்றன.

இலங்கையிலிருந்து வந்த வாசகர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. 1947 பொது வேலைநிறுத்தத்தில், ஜூன் 5 அன்று, அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி போலீஸ் சூட்டில் இறந்தார். அதே மாதம், வேலைநிறுத்தத்தை அடக்கக் கொண்டுவந்ததுதான் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1958-இலும் 1983-க்குப் பின் நீண்ட காலத்துக்கும் நம்மீது இறங்கிய அவசரநிலைகள் அதன் கீழ் வந்தவை. 2022-இல் காலிமுகத்திடலில் கூடியிருந்த சிங்கள இளைஞர்களை எதிர்கொள்ளவும் அதையே எடுத்தார்கள்.

நியூசிலாந்தில் ஹாலந்து அந்த செப்டம்பரிலேயே முன்கூட்டித் தேர்தல் வைத்துப் பெரும்பான்மையைக் கூட்டிக்கொண்டு வந்தார். மக்கள் அவர் பக்கம்தான் இருந்தார்கள். 1932 சட்டம் 1987-இல்தான் நீக்கப்பட்டது. 1990-இல் உரிமைகள் சட்டம் வந்தது. அதன் 14-ஆம் பிரிவு கருத்து வெளிப்பாட்டு உரிமையைத் தருகிறது. 4-ஆம் பிரிவோ, நாடாளுமன்றம் இதற்கு முரணாக வேறு சட்டம் இயற்றினால் அதுவே செல்லும் என்கிறது. தடுத்து நிறுத்த மேலவையும் கிடையாது. அதை 1951 பிறப்பதற்குச் சற்று முன்புதான் ஒழித்திருந்தார்கள்.