வேலையில் டாப், பையில் வலி மாத்திரை: பழக்கம் எப்போது அடிமைத்தனம் ஆகிறது?

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் போடும் வலி மாத்திரையின் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் மட்டும்தான் என்றால் இங்கே சொல்லப்போகும் போதைச் சிக்கல் அதில் இல்லை (அளவு மீறினால் கல்லீரல், சிறுநீரகம், வயிறு கெடும், அது தனிக் கதை). டிராமடால், டேபென்டடால், கோடீன் என்று ஏதாவது இருந்தால் தொடர்ந்து படியுங்கள். இவை ஓபியாய்டுகள், அபின் குடும்பம்.

'போதைன்னா வேற மாதிரி ஆளுங்க' என்று நினைக்க வேண்டாம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வில், ஹெராயின் எடுப்பவர்கள் 1.14%. ஓபியாய்டு மருந்துகளைப் போதைக்காக எடுப்பவர்கள் 0.96%. பெரிய வித்தியாசம் இல்லை.

நன்றாக வேலை செய்பவர்களிடம் இது ஏன் வெளியே தெரிவதில்லை? வேலை கெடாததுதான் காரணம். சொல்லப்போனால், ஆரம்பத்தில் வேலை கூடவே நடக்கும். டிராமடால் வலியை மட்டும் குறைப்பதில்லை. மூளையில் செரடோனின், நார்அட்ரினலின் அளவையும் கூட்டுகிறது. அதனால் சிலருக்குச் சோர்வு போய் ஒரு தெம்பு வரும். முதுகு வலிக்குப் போட்ட மாத்திரை, மெல்ல அப்ரைசல் மீட்டிங்குக்குப் போடும் மாத்திரை ஆகிறது. இந்த இடத்தைக் கவனியுங்கள். எத்தனை மாத்திரை என்பதற்கு முன்னால் மாறுவது, எதற்குப் போடுகிறோம் என்ற காரணம்தான்.

அடுத்த அடையாளம் லீவு நாளில் வரும். மாத்திரை போடாத ஞாயிற்றுக்கிழமை மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி நிற்கவில்லை, வியர்வை, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு. 'ஃப்ளூ போல' என்று தோன்றும். ஒரு மாத்திரை போட்டதும் அது ஒரு மணி நேரத்தில் சரியானால், அது ஃப்ளூ இல்லை, மருந்து இல்லாமல் உடம்பு தவிப்பது. டாக்டர் சொன்னபடி சில வாரம் எடுத்தவருக்கும் இது வரலாம். அதை மட்டும் வைத்து அடிமை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கூடவே பழைய பிரிஸ்கிரிப்ஷன் போட்டோவைக் காட்டி வேறு வேறு மெடிக்கல் ஷாப்பில் வாங்குவது, ஊருக்குக் கிளம்பும் முன் மாத்திரையை எண்ணிப் பார்ப்பது, வீட்டில் கேட்டால் எரிந்து விழுவது எல்லாம் சேர்ந்தால் தாமதிக்காதீர்கள்.

பலர் செய்யும் தப்பு, திடீரென்று நிறுத்துவது. தவிப்பு தாங்காமல் திரும்பப் போட்டுவிடுவார்கள். படிப்படியாகக் குறைக்க மனநல மருத்துவரின் உதவி தேவை. தேவைப்பட்டால் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தும் உண்டு. அதுவரை இவற்றோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேரவே கூடாது, மூச்சு நின்றுபோகலாம். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் டிராமடாலைச் சேர்த்தால் வலிப்பு வரும் ஆபத்து கூடும்.

ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. 2017 மனநல பராமரிப்புச் சட்டம் போதைப் பிரச்னையையும் உள்ளடக்கியது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையையும் தருகிறது. முதலில் போனில் பேச, 14416 (டெலி மானஸ்), 14446 (போதை மீட்பு உதவி) இரண்டும் இலவசம்.

டாக்டரிடம் போகும்போது காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம் என்று அவர் கணக்குப் போடுவார்.