கம்பியில் குத்திய கடிதங்கள்

சென்ற தலைமுறையில் நம் வீடுகளில் கூடத்துச் சுவரில் ஒரு கம்பி தொங்கும். அடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை; மேலே கொக்கி. வருகிற கார்டும் கவரும் படித்து முடிந்ததும் அதில் போய்க் குத்திக்கொள்ளும். சாவுச் செய்தி மட்டும் படித்த கையோடு கிழிபடும். மற்றதெல்லாம், கல்யாணப் பத்திரிகையிலிருந்து கடன்காரன் நோட்டீசு வரையில், ஒரே கம்பிதான். கடைசியில் வந்தது மேலே இருக்கும். பழையது ஒன்று வேண்டுமானால் மேலே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். வருஷத்துக்கு ஐம்பது அறுபது கடிதம் வருகிற குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு தாராளமாகப் போதும். இன்று ஒரு நாளைக்கு நூறு மின்னஞ்சல் வருகிற பேர்வழிகளும் இதே கம்பியைத்தான் வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. பெட்டியைத் திறந்தால் புதியது மேலே, பழையது கீழே!

இந்தத் திண்டாட்டம் மின்னஞ்சலோடு பிறந்ததல்ல. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்தில் வூட்டன் என்பவர் 1874-ஆம் ஆண்டு ஒரு மேஜைக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு பெரிய கதவுகளைத் திறந்தால் உள்ளே சிறிதும் பெரிதுமாக 110 அறைகள். கடிதத்தை மடித்து, யார் எழுதியது, என்ன தேதி என்று முதுகில் குறித்து, அதனதன் அறையில் செருக வேண்டும். ஜனாதிபதியாக இருந்த கிராண்டும் எண்ணெய்க் கோடீசுவரர் ராக்பெல்லரும் அந்த மேஜையை வைத்திருந்தார்கள். சாயங்காலம் கதவைச் சாத்திப் பூட்டும்போது உலகமே தம் சாவிக்குள் அடங்கிவிட்டது போன்ற ஒரு திருப்தி அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் தட்டெழுத்து யந்திரமும் கார்பன் காகிதமும் காரியாலயங்களில் நுழைந்த பிறகு 110 அறை எம்மாத்திரம்? 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் புது முறை ஒன்றைக் காட்டினார்கள். கடிதத்தை மடிக்காமல் அட்டை உறைக்குள் போட்டு, இழுப்பறையில் செங்குத்தாக நிற்க வைப்பது. புஸ்தகசாலைக்கு அட்டைகளும் அலமாரிகளும் விற்றுப் பழகியவர்களின் யோசனை அது. கணினித் திரையில் ஃபோல்டர் என்று மஞ்சளாக ஒரு படம் தெரிகிறதே, அதற்கு மூதாதை இந்த அட்டை உறைதான்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். இந்த இழுப்பறைகளுக்கெல்லாம் காவல் தெய்வம் போல ஓர் ஆள் இருந்தார். முதலில் குமாஸ்தா, பிறகு பெரும்பாலும் ஒரு காரியதரிசிப் பெண்மணி. உறையைப் பிரிப்பது, குப்பையைக் கழிப்பது, அவசரமானதை மேலே வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. துரையின் மேஜைக்குப் பத்துக் கடிதம் வருகிறதென்றால், அதற்கு முன்னால் தொண்ணூறு கடிதங்களை வேறொருவர் கண் பார்த்துத் தள்ளியிருக்கிறது. மின்னஞ்சல் வந்தபோது பெட்டி மட்டும் வந்தது; காவலாளி வரவில்லை.

1971-ஆம் ஆண்டு கடைசியில், மாசசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜில், ரே டாம்லின்சன் என்ற எஞ்சினீயர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினியில் உள்ள ஆளுக்குக் கடிதம் அனுப்ப வழி செய்தார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க அவர் எடுத்துக்கொண்ட '@' குறி இன்று உலகப் பிரசித்தம். அமெரிக்க ராணுவ இலாகாவின் ஆராய்ச்சிப் பிரிவான ஆர்ப்பா நடத்திய கணினி வலையில்தான் இது நடந்தது. 1973-ல் கணக்குப் பார்த்தபோது அந்த வலையில் ஓடிய போக்குவரத்தில் முக்கால் பங்கு மின்னஞ்சலாக இருந்தது. வலை கட்டினவர்கள் இதற்காகவா கட்டினார்கள்? கணினிகளைத் தூரத்திலிருந்து பகிர்ந்துகொள்வதற்கல்லவா கட்டினார்கள்! மனிதர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அதில் பேச்சுக் கச்சேரிதான் முதலில் நடக்கும்.

ஆர்ப்பாவின் தலைவர் ஸ்டீபன் லூகாசிக் பௌதிக விஞ்ஞானி. மின்னஞ்சல் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தலைவருக்குப் பிடித்தது என்று தெரிந்தால் கீழே உள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? அவரிடம் காரியம் ஆக வேண்டியவர்கள் எல்லாரும் மின்னஞ்சலுக்கு மாறினார்கள். அவர் பெட்டி நிரம்பி வழிந்தது. அக்காலத்து மென்பொருளுக்கோ ஒரே ஒரு வித்தைதான் தெரியும். எல்லாக் கடிதங்களையும் முதலிலிருந்து கடைசி வரை மூச்சுவிடாமல் கொட்டும். கடைசிக் கடிதத்தைப் படிக்க வேண்டுமானால் முன்னால் உள்ளவை அத்தனையும் ஓடி முடிய வேண்டும். நம் கம்பிகூட அதற்குத் தேவலை.

லூகாசிக் தம் கீழ் இருந்த லாரி ராபர்ட்ஸிடம் முறையிட்டார். ராபர்ட்ஸ் அந்தக் கணினி வலையையே திட்டமிட்டு எழுப்பியவர். இப்படிப்பட்ட சில்லறை வேலைக்கு உட்கார வேண்டியவர் அல்ல. ஆனாலும் உட்கார்ந்தார். 1972-ல் 'ஆர்.டி.' என்ற சிறு நிரலை எழுதிக் கொடுத்தார். அது முதலில் ஒரு பட்டியல் காட்டும்: தேதி, விஷயம். வேண்டியதை வேண்டிய வரிசையில் படிக்கலாம், வைத்துக்கொள்ளலாம், அழிக்கலாம். இவ்வளவுதான். என் அபிப்பிராயத்தில், மின்னஞ்சல் பெட்டியை ஒழுங்கு செய்ய இதுவரை வந்த சாதனங்களில் இதற்கு இணையானது ஒன்றே ஒன்றுதான். அதைப் பின்னால் சொல்கிறேன். காரியதரிசியின் வேலையில் ஒரு துண்டு அன்று யந்திரத்துக்குக் கைமாறியது.

ராபர்ட்ஸின் நிரலை மற்றவர்கள் எடுத்துச் செப்பனிட்டார்கள். அவற்றில் ஒன்றுக்கு 'பனானா ஆர்.டி.' என்று பெயர். அந்நாளைய நிரல் எழுதுவோர் கொச்சையில் 'வாழைப்பழம்' என்றால் 'பிரமாதம்' என்று அர்த்தமாம். வாழைப்பழத்தின் அருமை அமெரிக்கர்களுக்கும் தெரிந்திருப்பது சந்தோஷம்.

1975-ல் தென் கலிபோர்னியாவில் ஜான் விட்டல் என்பவர் 'எம்.எஸ்.ஜி.' என்ற நிரலை எழுதினார். அதில் 'பதில்' என்று ஒரு கட்டளை. அதுவரையில் பதில் போடுகிறவர் எழுதினவரின் விலாசத்தைப் பிழையில்லாமல் மறுபடி அடிக்க வேண்டும். விட்டலின் கட்டளை விலாசத்தைத் தானே நிரப்பிவிட்டது. எவ்வளவு பெரிய உபகாரம்! ஆனால் பதில் எளிதானால் பதில்கள் பெருகும். பதிலுக்குப் பதிலும் பெருகும். பெட்டியைக் காலி செய்யக் கண்டுபிடித்த யுக்தியே அதை நிரப்பவும் செய்தது. 1978 மே மாதம் ஒரு கணினிக் கம்பெனியின் விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி வைத்தார். திட்டு வாங்கினார், வியாபாரமும் ஆயிற்று என்கிறார்கள். அந்த வம்சம் விருத்தியானது நமக்குத் தெரிந்ததே.

பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்து சொன்னார்கள். எண்பதுகளின் நடுவில் எம்.ஐ.டி.யில் தாமஸ் மலோன் குழுவினர், 'இன்னார் எழுதினால் இந்த உறைக்குள் போடு' என்று பெட்டிக்கு விதி எழுதிவைக்கும் முறையைச் செய்து பார்த்தார்கள். 1988-ல் இல்லினாய் சர்வகலாசாலையில் ஸ்டீவ் டார்னர் 'யூடோரா'வை எழுதினார். கதை படிக்கிற நமக்கு அந்தப் பெயர் சுவையானது. யூடோரா வெல்ட்டி என்ற அமெரிக்க எழுத்தாளர், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு தபாலாபீசிலேயே குடியேறிவிடும் ஒரு பெண்ணைப் பற்றி 1941-ல் ஒரு கதை எழுதினார். மின்னஞ்சலோடு இராப்பகலாக மல்லாடிய டார்னருக்குத் தாமும் தபாலாபீசில் குடியிருப்பதாகத் தோன்றவே, அந்த அம்மாள் பெயரையே சூட்டிவிட்டார். 2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில் வந்தது. மற்றவர்கள் 2, 4 மெகாபைட் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அது ஒரு கிகாபைட் கொடுத்தது. முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். அதன் உட்பொருள் இதுதான்: எதையும் அழிக்காதே, அடுக்காதே, வேண்டும்போது தேடிக்கொள். ராபர்ட்ஸின் பட்டியலுக்கு இணை என்று நான் சொன்னது இந்தத் தேடலைத்தான். நடுவில் வந்த சில நேர்த்தியான கருவிகளுக்கு ஆயுசு கெட்டியில்லை. 'மெயில்பாக்ஸ்' 2013-ல் பிறந்து 2016-ல் மறைந்தது. கூகிளின் 'இன்பாக்ஸ்' 2014-ல் வந்து 2019-ல் மூடப்பட்டது. கடிதங்களை ஒரு கருவியின் கையில் ஒப்படைக்குமுன், நாளை அதைவிட்டு எடுத்துக்கொண்டு போக வழி உண்டா என்று விசாரிப்பது உத்தமம்.

அப்படியானால் உறை உறையாகப் பிரித்து வைப்பது வீண்தானா? 2011-ல் ஸ்டீவ் விட்டாகரும் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்களும் 345 பேர் பழைய கடிதங்களை எப்படித் தேடிப்பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். உறைகளுக்குள் துழாவினால் சராசரி 58 விநாடி. வார்த்தை கொடுத்துத் தேடினால் 17 விநாடி. பாடுபட்டு அடுக்கி வைத்தவர்கள் அடுக்காதவர்களைவிட அதிகமாகக் கண்டுபிடித்துவிடவும் இல்லை. இதே விட்டாகர் 1996-ல் இன்னொருவருடன் செய்த ஆராய்ச்சியில், பலருடைய உறைகளில் ஒன்றிரண்டு கடிதங்களே கிடந்ததைக் கண்டார். பெயர் வைத்தது நினைவிருப்பதில்லை. அதே விஷயத்துக்கு வேறு பெயரில் இன்னொரு உறை முளைத்துவிடுகிறது. ஆனாலும் தேடுவதற்கு, தேட வேண்டும் என்ற ஞாபகம் வேண்டுமே! வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் கேசுக்கு ஓர் உறை இருப்பது நியாயம். மற்றவர்களுக்கு இரண்டே உறை போதும் என்பது என் கட்சி: நான் செய்ய வேண்டியது ஒன்று, பிறரிடமிருந்து எனக்கு வர வேண்டியது ஒன்று. பாக்கியெல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கட்டும்.

'பெட்டியில் பூஜ்யம்' என்ற கோஷத்தைக் கிளப்பியவர் மெர்லின் மான். 2007-ல் கூகிள் கம்பெனியாருக்கே அதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பூஜ்யம் என்பது கடிதங்களின் எண்ணிக்கை அல்ல, பெட்டியில் சிக்கிக்கிடக்கும் மனசின் அளவு என்று அவர் விளக்கியதை யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதைப் புஸ்தகமாக எழுதவும் ஒப்புக்கொண்டார். 2011-ல், இந்த வேலையில் மகளோடு கழிக்க வேண்டிய பொழுது போய்விடுகிறதே என்று உருக்கமாக ஒரு கட்டுரை எழுதினார். புஸ்தகம் வரவில்லை.

டொனால்ட் க்னூத் அதற்கு வெகு முன்பே முடிவுகட்டிவிட்டார். ஸ்டான்போர்டு பேராசிரியர், கணினி சாஸ்திரத்தின் பிதாமகர்களில் ஒருவர். 15 வருஷம் மின்னஞ்சல் பார்த்தது ஓர் ஆயுளுக்குப் போதும் என்று 1990 ஜனவரி முதல் தேதி விலாசத்தையே ரத்து செய்துகொண்டார். அவருக்கு எழுத வேண்டுமானால் காகிதத்தில் எழுதித் தபால்தலை ஒட்ட வேண்டும். வந்ததைக் காரியதரிசி பிரித்து வைப்பார். மாதக்கணக்கில் சேர்ந்த பிறகு பேராசிரியர் ஒரு நாள் உட்கார்ந்து மொத்தமாகப் பார்ப்பார். அவருடைய நூல்களில் உள்ள பிழையை முதலில் கண்டு எழுதினவர்களுக்கு, 2008 வரையில் பிழைக்கு 2.56 டாலர் வீதம் பதிலோடு செக்கும் போய்க்கொண்டிருந்தது.