மொட்டை மாடியின் கணக்கு

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியை அளக்க போன கோடையில் ஓர் ஆள் வந்தார். டேப்பை நீட்டிப் பிடித்து, பக்கத்து வேப்பமரத்தின் நிழல் எதுவரை விழும் என்று பார்த்துவிட்டு, "மூணு கிலோவாட் தாராளமா போடலாம் சார்" என்றார். சித்தப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மே மாதக் கரண்ட் பில்லை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார் மனுஷன். ஆயா மட்டும் மெதுவாகப் படியேறி வந்து, சாக்பீஸால் கோடு போட்டிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அப்போ வடாம் எங்கடா காய வைக்கிறது?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். பிறகு சூரிய சக்தியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அன்று மாடியில் கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்வி அதுதான் என்று பட்டது. இந்த வெயில் ஏற்கெனவே யாருக்கு என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது? அதை வேறு வேலைக்குத் திருப்பினால் யாருக்கு எவ்வளவு மிச்சம்?

இந்தக் கணக்கு பழையது. புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த பிரான்ஸில், 1878-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில், அகுஸ்தேன் மூஷோ என்ற கணித ஆசிரியர் கூம்பு வடிவக் கண்ணாடி ஒன்றை நிறுத்தினார். அது வெயிலைக் குவித்துக் கொதிகலனைச் சூடாக்கியது. அந்த நீராவியை வைத்து அவர் ஐஸ்கட்டி செய்து காட்டினார். வெயிலிலிருந்து பனிக்கட்டி! தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும் என்பதுதான் மூஷோவின் கவலை. நடந்ததோ நேர்மாறு. பிரான்ஸில் நிலக்கரி மலிவாகவும் எளிதாகவும் கிடைக்க ஆரம்பித்தது. வெயில் இயந்திரம் கட்டுப்படியாகாது என்று அரசு கைகழுவிவிட்டது.

அதே 1878-இல் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் ஒரு புத்தகம் போட்டார். உயர்நீதிமன்றத்தில் துணைப் பதிவாளர் வேலை. ஓய்வு நேரத்தில் வெயில் ஆராய்ச்சி. தட்டைக் கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தி இரண்டரைக் குதிரைசக்தி நீராவி எஞ்சினை ஓட்டினார். எண்கோண வடிவில் ஓர் அடுப்பும் செய்தார். ஜனவரி மாத வெயிலில், இரண்டு மணி நேரத்தில், ஏழு சிப்பாய்களுக்கான சாப்பாடு அதில் வெந்தது. இந்தியாவில் நிலக்கரிக்கும் விறகுக்கும் ஆகும் செலவைக் காட்டித்தான் அவர் வாதாடினார். வெந்த சோற்றை யாரும் மறுக்கவில்லை. அடுப்பு மட்டும் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

நம்ம ஊரில் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்ட ஒரு கட்டடம் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. 1937-இல் வேலை தொடங்கியது. செக் நாட்டில் பிறந்த அமெரிக்கக் கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. ஜார்ஜ் நகஷிமா, பிரான்டிஷெக் சாம்மர் இருவரும் இங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். கட்டடத்தின் நீளமான முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகலான பக்கங்களில்தான் படும். நீண்ட சுவர்களுக்குப் பதிலாக மேலிருந்து கீழ்வரை திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள். காற்று வரும், வெயில் வராது. கூரை இரண்டு அடுக்கு, நடுவில் காற்றோட்டம். மேல் அடுக்கு வெயிலை வாங்கிக்கொள்ளும், கீழே அறை குளிர்ந்திருக்கும்.

இதில் கரண்டே உற்பத்தியாவதில்லை. கரண்டின் தேவையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். முற்றமும் தாழ்வாரமும் உயரமான கூரையும் வைத்துக் கட்டிய நம் பழைய வீடுகளும் அதைத்தான் செய்தன. அவற்றை இடித்துவிட்டு மேற்கு பார்த்த கான்கிரீட் பெட்டிகளைக் கட்டினோம். பிறகு ஏசி வாங்கினோம். இப்போது அந்த ஏசிக்காக பேனல் வாங்குகிறோம். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "வீட்ட இடிச்சுட்டு கோல்கொண்டா கட்ட நீ பணம் குடுக்கிறியா?" என்றார். நியாயமான கேள்விதான்.

பேனலின் கதை 1954-இல் தொடங்குகிறது. அந்த வருஷம் ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கான் சூரிய மின்கலத்தைக் காட்டியது. பட்ட வெயிலில் சுமார் ஆறு சதவீதத்தை மின்சாரமாக்கி ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்ற வைத்தது. அதே வருஷம் அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-இல் பிரெஞ்சு நிர்வாகம் கை மாறியது. சின்ன யூனியன் பிரதேசம், பெரிய அணையும் இல்லை, சுரங்கமும் இல்லை. காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு நிலையத்தை விட்டால், நமக்கு வேண்டிய கரண்டில் பெரும்பகுதி நெய்வேலி போன்ற மத்திய மின் நிலையங்களிலிருந்து விலைக்கு வாங்குவதுதான்.

அந்த மின்கலத்தை உருவாக்கிய மூவரில் ஒருவரான டேரில் சேப்பின் 1956-இல் ஒரு கணக்குப் போட்டார். சாதாரண அமெரிக்க வீடு ஒன்றுக்கு வேண்டிய மின்கலங்களை வாங்க 14,30,000 டாலர் ஆகும்! அதனால் அது முதலில் செயற்கைக்கோள்களுக்குப் போனது. வானத்துக்குப் போனது கூரைக்கு இறங்கிவர அரை நூற்றாண்டு பிடித்தது.

நடுவில் நமக்குப் பக்கத்திலேயே ஆடம்ஸின் அடுப்பு திரும்பி வந்தது. ஆரோவில்லில் 1997-இல் கட்டப்பட்ட சூரியச் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் இருக்கிறது, உள்ளே முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். கிண்ணம் அசையாது, வெயில் குவியும் இடத்தைத் தேடி ஒரு கொதிகலன் நகர்ந்துகொண்டே இருக்கும். நல்ல வெயில் நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அளவு நீராவி கிடைக்கும். மேகம் வந்தால் டீசல் கொதிகலன் கைகொடுக்கும். நூறு பேர் சேர்ந்து சாப்பிடும் இடத்துக்கு இது சரிப்படும். தனி வீட்டுக்குப் பேனல்தான்.

2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்யா கர் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்கு வைத்தது. இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். மூன்றும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000. ஒரு கிலோவாட் பேனலுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். நாளுக்குச் சுமார் நாலு யூனிட் தரும். பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போகும், ராத்திரி அங்கிருந்து வரும், வித்தியாசத்துக்குத்தான் பில்.

இங்கேதான் கவனிக்க வேண்டியது. யூனிட் கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறும். பேனல் முதலில் மிச்சப்படுத்துவது உச்சியில் இருக்கும் விலை கூடின யூனிட்டுகளை. இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்பிவிடும். ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜோடு முதல் படியிலேயே நிற்கும் வீட்டுக்கு மிச்சம் சொற்பம். மாடியே இல்லாத வாடகைக்காரருக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் அக்கா துணி காயப்போட வந்தபோது கேட்டார்: "அண்ணே, இது போட்டா எங்க மீட்டருக்கும் காசு கொறையுமா?"

அவர் வீட்டுக்கு சப்-மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று சித்தப்பாவிடம்தான் கட்டுகிறார். சித்தப்பா "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அன்று ராத்திரி அவருடைய நோட்டில் புதிதாக ஒரு பக்கம் ஆரம்பமானது. மாடியில் காயும் அக்காவின் துணி, ஆயாவின் வடாம், மிளகாய், புளி எல்லாமே வெயில் செய்த வேலைதான். எந்த பில்லிலும் வராததால் யாரும் அதை வரவாக எழுதவில்லை.

கடைசியில் இரண்டு கிலோவாட் போட்டோம், தெற்குப் பக்கமாகச் சாய்த்து. வடக்குப் பாதி காலியாக இருக்கிறது, அதில் கொடிக்கம்பி ஓடுகிறது. அக்காவின் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் குறைந்தது. "இன்னும் கொறைக்கலாம்டா, கணக்கு பாரு" என்று ஆயா சொல்லிக்கொண்டிருக்கிறாள். சித்தப்பா நோட்டை எடுத்திருக்கிறார். இந்தச் சித்திரையிலும் வடாம் காய்ந்தது. கீழ்வீட்டுக்கும் ஒரு டப்பா போனது.