சோவியத் நாட்டைத் திரும்பக் கேட்டவர்கள்

டிசம்பர் 25 என்றதும் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ்தான் நினைவுக்கு வரும். என் வயதை ஒத்த சிலருக்கு இன்னொன்றும் சேர்ந்து வரும். 1991-ஆம் ஆண்டு அதே நாளில்தான் கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் தோன்றித் தம் பதவி விலகலை அறிவித்தார். சற்று நேரத்தில் கிரெம்ளினில் செங்கொடி இறங்கி ரஷ்யாவின் மூவர்ணக் கொடி ஏறியது. சோவியத் யூனியன் முடிந்துபோனது.

நம் தலைமுறைக்கு அது செய்தித்தாளில் மட்டும் பார்த்த நாடு அல்ல. ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழப்பான தாளைப் பிரித்துப் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டவர்கள் நாம். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் கெட்டி அட்டையில் அச்சிட்டு அனுப்பிய டால்ஸ்டாயும் கார்க்கியும் நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தார்கள். கட்சிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் என் அலமாரியில் அந்தப் புத்தகங்களில் சில இன்னும் இருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, அந்த நாடு மறைந்த பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர முயன்றவர்களின் கதையை விடாமல் படித்து வருகிறேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1991 மார்ச் 17 அன்று, ‘சம உரிமை கொண்ட இறையாண்மைக் குடியரசுகளின் புதுப்பிக்கப்பட்ட கூட்டாட்சியாக’ சோவியத் யூனியன் நீடிக்க வேண்டுமா என்று பொது வாக்கெடுப்பு நடந்தது. எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா, ஜார்ஜியா, அர்மீனியா, மால்டோவா ஆகிய ஆறு குடியரசுகள் அதை நடத்த மறுத்துவிட்டன. மற்ற ஒன்பதிலும் வாக்களித்தவர்களில் 76 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ‘வேண்டும்’ என்றார்கள். உக்ரைனில் மட்டும் சுமார் 70 சதவீதம். அதே உக்ரைன் மக்கள் டிசம்பர் 1-ஆம் தேதி, ஒன்பதே மாதத்தில், 90 சதவீதத்துக்கும் மேலாகத் தனி நாட்டுக்கு வாக்களித்தார்கள். இடையில் ஆகஸ்டில் ஒரு சதிக் கும்பல் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்து மூன்றே நாளில் தோற்றிருந்தது. யூனியனைக் காப்பாற்றக் கிளம்பியவர்களே அதற்குக் குழி வெட்டிவிட்டார்கள்.

டிசம்பர் 8 அன்று பெலாரஸின் பெலவேழா காட்டு மாளிகையில் எல்ட்சின், கிராவ்சுக், சுஷ்கேவிச் என்ற மூன்று தலைவர்களும் கையெழுத்திட்டு யூனியனைக் கலைத்தார்கள். மார்ச்சில் ‘வேண்டும்’ என்று வாக்களித்த 11 கோடிப் பேரில் அதைத் தடுக்கத் தெருவுக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. கடைகளில் ரொட்டிக்கும் சர்க்கரைக்கும் வரிசையில் நின்று மக்கள் சலித்துப் போயிருந்தார்கள்.

பிறகு ஏன் அழுதார்கள்? நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு இது எளிதில் புரியும்.

1991 ஜனவரியிலேயே ஒருநாள் இரவுச் செய்தியில் 50, 100 ரூபிள் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ள மூன்றே நாள் அவகாசம். 2016 நவம்பரில் நாம் வங்கி வாசலில் நின்றோமே, அதைவிடக் கடுமை. அடுத்து 1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாடுகள் நீங்கின. அந்த ஓர் ஆண்டில் மட்டும் விலைகள் ஏறத்தாழ 26 மடங்கு ஆயின. அரசு சேமிப்பு வங்கியில் ஆயுள் முழுதும் போட்டு வைத்த பணம் அப்படியே கணக்கில் இருந்தது. ஆனால் ஆயிரம் ரூபிளின் மதிப்பு 40 ரூபிள் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த நாட்டுக் கிழவிகள் தங்கள் ஈமச் சடங்குக்கென்று தனியாகப் பணம் சேர்த்து வைப்பது வழக்கம். அந்தப் பணமும் போயிற்று. 1995-இல் அந்தச் சேமிப்பையெல்லாம் அரசின் கடன் என்று சட்டம் போட்டு ஒப்புக்கொண்டார்கள். திருப்பித் தந்ததோ பகுதி பகுதியாக, சொற்பமாக, வயதில் மூத்தவர்களிடமிருந்து தொடங்கி. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்த ஏக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் பலர்.

முதலில் வந்தவர்கள் பழைய மக்கள் பிரதிநிதிகள். பொது வாக்கெடுப்பின் முதலாண்டு நிறைவான 1992 மார்ச் 17 அன்று, கலைக்கப்பட்ட சோவியத் நாடாளுமன்றத்தைக் கூட்ட முயன்றார்கள். மாஸ்கோவில் இடம் கிடைக்கவில்லை. நகருக்கு வெளியே வரனோவோ என்ற ஊரில் கூடினார்கள். அங்கே மின்சாரம் துண்டிக்கப்பட, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கூட்டம் நடந்தது. மொத்தம் 2,250 உறுப்பினர்களில் வந்தவர்கள் சிறு பகுதியினரே. அவர்கள் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது சஜி உமலாதோவாவை. குரோஸ்னி நகரத் தொழிற்சாலையில் பற்றவைப்பு வேலை பார்த்த செச்சென் இனப் பெண்மணி. 1990 டிசம்பரிலேயே கோர்பச்சேவ் முகத்துக்கு நேராக அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கேட்டவர்.

இந்த அம்மையாரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு வரும். 1944 பிப்ரவரியில் ஸ்டாலின் ஆணைப்படி செச்சென், இங்குஷ் மக்கள் சுமார் 5 லட்சம் பேரைக் கூட்ஸ் வண்டிகளில் ஏற்றி மத்திய ஆசியாவுக்குக் கடத்தினார்கள். வழியிலும் போன இடத்திலும் இறந்தவர்கள் ஏராளம். அந்த இனத்தில் பிறந்த ஒருவர்தான் அந்த அரசைத் திரும்பக் கேட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் நின்றார். ஏக்கத்துக்கு இப்படி ஒரு குணம் உண்டு. வாங்கிய அடியை மறக்கிறது. சம்பளம் வந்த தேதியை நினைவில் வைத்துக்கொள்கிறது.

அடுத்து வந்தது கம்யூனிஸ்ட் கட்சி. 1995 டிசம்பர் தேர்தலில் அது 450 இடங்களில் 157-ஐப் பிடித்து மிகப் பெரிய கட்சியானது. 1996 மார்ச் 15 அன்று, யூனியனைக் கலைத்த உடன்பாட்டுக்கு அளித்த ஒப்புதல் செல்லாது என்று கீழவையான டூமா தீர்மானம் நிறைவேற்றியது. காகிதத்தில் சோவியத் யூனியன் உயிர்பெற்றதுபோல ஆயிற்று. நடைமுறையில் எதுவும் நகரவில்லை. பிரிந்துபோன நாடுகள் பதறியதுதான் மிச்சம். அந்த ஆண்டு அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் கட்சித் தலைவர் ஜூகானோவ் சுமார் 40 சதவீதம் வாங்கி எல்ட்சினிடம் தோற்றார்.

2010-இல் ஒரு பல் மருத்துவர் தாமே சோவியத் யூனியனின் தற்காலிக அதிபர் என்று அறிவித்துக்கொண்டார். அவர் போன்றோரைப் பின்பற்றித் தங்களை ‘சோவியத் குடிமக்கள்’ என்று சொல்லிக்கொள்பவர்கள் உருவானார்கள். யூனியன் சட்டப்படி கலையவே இல்லை, ஆகவே இன்றைய ரஷ்ய அரசுக்கு மின் கட்டணமும் வரியும் கட்ட வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். கேட்கச் சிரிப்பு வரும். வாங்கிய கடனைக் கட்ட வழியில்லாதவர்களுக்கு அந்த வாதம் எவ்வளவு இனித்திருக்கும் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவர்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரத்தனமாக அந்த ஏக்கத்தைப் பயன்படுத்தியது புதின் அரசு. ஆட்சிக்கு வந்த 2000-ஆம் ஆண்டிலேயே பழைய தேசிய கீதத்தின் மெட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். ஸ்டாலின் காலத்தில் அதற்கு வரிகள் எழுதிய மிகல்கோவ்தான், தள்ளாத வயதில், புதிய வரிகளையும் எழுதினார். 2005-இல் யூனியனின் வீழ்ச்சியை அந்த நூற்றாண்டின் மாபெரும் அரசியல் பேரழிவுகளுள் ஒன்றாகப் பேசினார் புதின்.

ஆனால் 2018-இல் அதே அரசு ஓய்வூதிய வயதை ஆண்களுக்கு 60-லிருந்து 65 ஆகவும், பெண்களுக்கு 55-லிருந்து 60 ஆகவும் படிப்படியாக உயர்த்தியது. சோவியத் காலத்தில் நிர்ணயித்த வயதை யாரும் அதுவரை தொட்டதில்லை. அந்த ஆண்டு லெவாடா மையம் எடுத்த கருத்துக் கணிப்பில், யூனியன் கலைந்ததற்கு வருந்துவோர் 58 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாக ஒரே தாவலில் ஏறினார்கள். இத்தனைக்கும் கீதம், அணிவகுப்பு, பழைய பெருமை எல்லாம் ஏற்கெனவே திரும்பி வந்திருந்தன. மக்கள் வருந்தியது அவற்றுக்காக இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு 2022. ரஷ்ய டாங்கிகள் சில செங்கொடி கட்டிக்கொண்டு உக்ரைனுக்குள் போயின. படையெடுப்புக்கு மூன்று நாள் முன்பு ஆற்றிய உரையில், உக்ரைன் என்பதே லெனின் உண்டாக்கியது என்று குறை சொன்னார் புதின். படை பிடித்த ஹெனிசெஸ்க் நகரிலோ லெனின் சிலையைத் திரும்ப நிறுத்தினார்கள். கொள்கை எது, கொடி எது என்று அவர்களுக்கே கவலை இல்லை.

என் எண்ணம் இதுதான். அந்த மக்கள் தேடியது ஓர் அரசை அல்ல. மாதம் பிறந்தால் சம்பளம், மாறாத ரொட்டி விலை, வங்கியில் போட்டால் போட்டபடி இருக்கும் பணம், வயதானால் கிடைக்கும் ஓய்வூதியம். அந்த நிம்மதியைத்தான் அவர்கள் ‘சோவியத் யூனியன்’ என்ற பெயர் சொல்லிக் கேட்டார்கள். அதன் பெயரால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் கொடியைக் கொடுத்தார்கள், கீதத்தைக் கொடுத்தார்கள், தீர்மானத்தைக் கொடுத்தார்கள். கடைசியாக வந்தவர்கள் போரையே கொடுத்தார்கள். கேட்டதை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று நாமும் அடிக்கடி சொல்கிறோம். சொல்வதில் தவறில்லை. அதைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது கிளம்பி வந்தால், அந்தக் காலத்தில் எதை, யாருக்குத் தருவார் என்று மட்டும் கேட்டு வைப்பது நல்லது.