பாட்டின் தலைக்குறிப்பும் பாடுகிறவரின் சமயமும்: கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தை முன்வைத்து

தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகம் எதை எடுத்தாலும் பாட்டுக்கு மேலே சிறிய எழுத்தில் சில வரிகள் அச்சாகியிருக்கும். பாட்டின் எண், இராகம், தாளம், இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்ற குறிப்பு, எந்த வேளையில் பாடுவது என்ற தலைப்பு, சில புத்தகங்களில் இயற்றியவரின் பெயரும் பட்டமும். பாட்டின் இறையியலையும் இசைப் பாணியையும் ஆராய்ந்தவர்கள் இந்த வரிகளை அச்சகத்தார் விவகாரம்போலக் கடந்து போயிருக்கிறார்கள். இசைவாணர் தம் பாட்டை என்னவென்று நினைத்தார், யாருக்கென்று செய்தார் என்பதை அவரே சொல்லும் இடம் அதுதான். ஆகவே இங்கே பாட்டை விட்டுவிட்டு அதன் தலைக்குறிப்பைப் படிக்க முயல்கிறேன்.

ஒரு பாடகர் தம் படைப்பைக் 'கிறிஸ்தவப் பாட்டு' என்று வெளிப்படையாகச் சொன்னால் அவருடைய விசுவாசம் உறுதியானது, சொல்லாவிட்டால் தயக்கம் அல்லது சமரசம் என்று கொள்ளும் வழக்கம் திருச்சபைக்குள்ளும் ஆய்வுலகிலும் ஊறிக் கிடக்கிறது. இது தவறு என்பதே என் வாதம். பாட்டு எந்த வாசலில் நுழையலாம், யார் வாயில் ஏறலாம் என்பதைத்தான் அதன் பெயர் தீர்மானிக்கிறது. விசுவாசத்தின் அளவை அதில் தேடினால் கிறிஸ்தவ இசைவாணரில் பெரும்பகுதியினர், அதிலும் ஏழைகள், நம் கணக்கிலேயே வராமல் போவார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்கக் கிருஷ்ணகிரி மாவட்டம் பொருத்தமான இடம். 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரிந்த இம்மாவட்டம் கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் ஒட்டியது. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, வேலையிடத்தில் மூன்றையும் கலந்து பேசுவது சாதாரணம். கிறிஸ்தவமும் இங்கே மூன்று வழிகளில் வந்தது. எலத்தகிரி, கந்திகுப்பம் போன்ற ஊர்களின் கத்தோலிக்கர் சேலம் மறைமாவட்டத்தில் இருந்து, 1997இல் தர்மபுரி மறைமாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தார்கள். லுத்தரன் திருச்சபையின் வரலாறு வேறு. லைப்சிக் மிஷனில் பணியாற்றிய தியடோர் நெய்தர், வேதாகமம் பிழையற்றது என்னும் கொள்கை தொடர்பான பிணக்கில் அதிலிருந்து பிரிந்து, 1895இல் அமெரிக்காவின் மிசௌரி சினாட் என்னும் லுத்தரன் சபையின் சார்பில் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கினார். அந்த சினாட்டின் இந்தியப் பணிக்கு முதல் ஊரே கிருஷ்ணகிரிதான். இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்த வேரிலிருந்து வந்தது. மூன்றாவது வழி தொழிற்சாலை. சிப்காட் தொழிற்பேட்டை வந்து, அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்தபின், வேலை தேடி வந்தவர்கள் தங்கள் சபையையும் பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். வாடகைக் கூடங்களிலும் மொட்டைமாடித் தகரக் கூரைகளின் கீழும் சுயாதீன சபைகள் எழுந்தன.

இந்த மரபுகளும் தென்னிந்தியத் திருச்சபையும் பாட்டுக்குப் பெயர் வைக்கும் முறை வெவ்வேறு. லுத்தரன்களுக்கு 'ஞானப்பாட்டு'. தரங்கம்பாடி மிஷனில் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் கையில் நிலைபெற்ற இந்த ஜெர்மன் வழிப் பாடல்களைப் பெரியவர்கள் எண்ணைச் சொல்லியே அடையாளம் காட்டுவார்கள். தென்னிந்தியத் திருச்சபையார் மேற்கத்திய மெட்டில் உள்ளதைப் 'பாமாலை' என்றும் நம் இராக தாளத்தில் உள்ளதைக் 'கீர்த்தனை' என்றும் பிரித்தார்கள். பாமாலைக்கு மேலே 8.7.8.7 என்று அசை எண்ணும் கீர்த்தனைக்கு மேலே இராகமும் தாளமும் இருக்கும். கத்தோலிக்கருக்கு, குறிப்பாக இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி தமிழில் நடக்கத் தொடங்கியதிலிருந்து, சடங்கில் பாட்டு நிற்கும் இடமே அதன் பெயர்: வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல். சுயாதீன, பெந்தெகொஸ்தே சபைகளில் துதி, ஆராதனை, ஜெபம், எழுப்புதல் என்று பாடுகிறவரின் செயலோ உள்ளத்தின் நிலையோ பெயராகிறது. முதல் வகை புத்தகத்தைக் காட்டுகிறது, இரண்டாவது இசையை, மூன்றாவது பீடத்தை, நான்காவது பாடுகிறவரை. 'கிறிஸ்தவ' என்ற சொல் இவற்றில் எதிலும் இல்லை. வெளியார் முன்னால் நிற்கும்போதுதான் அந்த அடைமொழி தேவைப்படுகிறது. வானொலியில் காலை பக்தி இசை வரிசையில் மற்ற சமயப் பாடல்களுக்கு நடுவே வரும்போது அது 'கிறிஸ்தவ பக்திப் பாடல்' ஆகிவிடும். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பாட்டுக்குள் கடவுளை அழைக்கும் சொல்லும் ஒருவகை முத்திரைதான். 'சருவேசுரன்' என்றால் பழைய கத்தோலிக்கம், 'பராபரன்' என்றால் பப்ரிசியஸ் வழி, 'கர்த்தர்' என்றால் சீர்திருத்தச் சபை, 'ஆண்டவர்' என்று மட்டும் நின்றால் பெரும்பாலும் இன்றைய கத்தோலிக்கம். ஆனால் ஓசூரில் இந்த வேலிகள் இளகிவிட்டன. பாட்டு கைபேசி வழியாக வருகிறதே தவிர புத்தகம் வழியாக வருவதில்லை. பெர்க்மான்சின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' இதற்கு நல்ல சான்று. கத்தோலிக்கக் குருவாக இருந்து பெந்தெகொஸ்தே பக்கம் வந்த அவருடைய தொகுதிகள், எந்தச் சபையின் பெயரையும் தலைப்பில் ஏற்றாமல் வரிசை எண்ணோடு வெளிவந்தன. அவற்றிலுள்ள பாட்டுகளைப் பல சபையாரும் பாடுகிறார்கள். சபைப்பெயர் இல்லாததால் விசுவாசம் குறைந்துபோனது என்று யாரும் சொல்லவில்லை.

தலைக்குறிப்பு யாரை அழைக்கிறது என்ற கேள்வியை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அளவுக்குக் கூர்மையாக யாரும் எதிர்கொண்டதில்லை. மிஷனரி ஷ்வார்ட்சின் மாணவர், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் அவைக்கு வேண்டியவர். 'சுவிசேட கவிராயர்' என்பது அவர் பெயரோடு ஒட்டிய பட்டம். 'சுவிசேடம்' சபைக்காரர் சொல், 'கவிராயர்' அரண்மனையும் தமிழ்ப் புலவர் உலகமும் அறிந்த சொல். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யின் தலைப்பிலும் இதே இணைப்பைப் பார்க்கலாம். குற்றாலக் குறவஞ்சி, சரபேந்திர பூபாலக் குறவஞ்சி என்று தலத்தையோ தலைவனையோ முன்னால் வைக்கும் மரபில், பெத்லகேம் என்ற ஊரைக் குற்றாலத்தின் இடத்தில் நிறுத்தினார். இதைச் சிலர் 'தமிழ் மயமாக்கல்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. குறவஞ்சி என்ற பெயரைக் கேட்டதும் வந்து உட்காரும் ஒரு கூட்டம் தஞ்சையில் இருந்தது. அவர்களுக்கு அவர் அனுப்பிய அழைப்பு அது. அவருடைய பாட்டுகளை அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப் 1853இல் தொகுத்து வெளியிட்ட பிறகு, அவை வேறொரு கூட்டத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைச் சபைக்கு உரியவை ஆயின.

(சாதியாசாரத்தைச் சபைக்குள் தக்கவைக்க வேண்டும் என்று மிஷனரிகளோடு வாதாடியவரும் இதே சாஸ்திரியார்தான். அவர் அழைத்த கூட்டத்தில் யார் இல்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.)

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) எதிர்த்திசையில் போனார். கத்தோலிக்கர், முன்சீப், தமிழின் முதல் நாவலை எழுதியவர். தம் கீர்த்தனைத் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. கிறிஸ்துவின் பெயரைத் தலைப்பில் வைக்கவில்லை. இதை விசுவாசக் குறைவு என்று படிப்பவர்கள், மரியன்னை மீதும் அவர் பாடியிருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். மாதா கோயிலுக்கு ஒரு பெயர், கச்சேரி மேடைக்கு ஒரு பெயர். பாடியவர் ஒருவரே. ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் தம் இசைச் சுவடிகளின் இறுதியில் 'கடவுளுக்கே மகிமை' என்னும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகளை இட்டார். தேவாலயத்துக்கென்று எழுதாத சில படைப்புகளிலும் அதே எழுத்துகள் உண்டு. அவருக்கு அது இரசிகருக்கான அறிவிப்பாக இல்லை, இரசிகர் அதைப் பார்க்கவும் போவதில்லை.

பெயர் விசுவாசத்தைக் காட்டுவதில்லை என்றால் 2018 ஆகஸ்டில் ஏன் அப்படியொரு கொந்தளிப்பு என்று கேட்கலாம். கர்நாடக இசைப் பாடகர் ஓ.எஸ். அருண் பாடவிருந்த 'இயேசுவின் சங்கம சங்கீதம்' நிகழ்ச்சிக்கு எதிர்ப்புக் கிளம்பி, அவர் அதிலிருந்து விலகினார். கிறிஸ்தவப் பாடல்கள் பாடியதற்காக நித்யஸ்ரீ மகாதேவன் உள்ளிட்ட வேறு சிலரும் வசைக்கு ஆளாயினர். பாடகர் டி.எம். கிருஷ்ணா, மாதம் ஒரு கர்நாடக இசைப் பாடல் இயேசு மீதோ அல்லா மீதோ வெளியிடுவதாக அறிவித்தார். கர்நாடக இசையில் கிறிஸ்தவச் சாகித்தியம் அன்றைக்கு முளைத்ததில்லை, சாஸ்திரியார் காலத்திலிருந்தே இருக்கிறது. 'கருணாமிர்த சாகரம்' எழுதிய ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவரே. இவ்வளவு காலம் எழாத எதிர்ப்பு, சுவரொட்டியில் இயேசுவின் பெயரும் சபா பாடகரின் பெயரும் அடுத்தடுத்து நின்றபோது எழுந்தது. இந்த வாசலில் இந்தப் பெயர் நுழையக் கூடாது என்றுதான் எதிர்த்தவர்கள் சொன்னார்கள். பாடகரின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கும் முக்கியமாக இல்லை.

சபாவின் வாசலே தேவையில்லை என்றவர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர், மாணவருக்கும் நண்பருக்கும் 'பரட்டை'. கீர்த்தனை என்ற பெயரே உயர்சாதிச் செவிகளை நோக்கியது, தலித் மக்களின் நாவுக்கு அது உரியதன்று என்று அவர் கருதினார். கிராமிய மெட்டில், பேச்சு வழக்கில், வழிபாட்டு முறைமை முழுவதையும் அமைத்தார். அவருக்குக் கிராமியப் பாட்டு என்பதன் உயிர், பாடுகிறவர்கள் அதை மாற்றிக்கொள்ளும் உரிமையில் இருந்தது. ஒரு சேரியில் ஒரு வரி மாறினால் பாட்டு கெடவில்லை, வேலை செய்கிறது. இசைவாணர் தம் பெயரைத் தாமே தளர்த்திக்கொள்ளும் நிலை இது. எனக்குத் தெரிந்த தமிழ்க் கிறிஸ்தவ இசைச் சிந்தனையில் இதைவிடத் துணிந்த நிலைப்பாடு இல்லை.

இன்றைய ஓசூர் சபைகளில் தலைக்குறிப்பு மீண்டும் மாறியிருக்கிறது. கீபோர்டு வாசிக்கும் இளைஞரின் கைபேசியில் பாட்டின் முதலடிக்கு மேலே 'டி மைனர், 6/8, டெம்போ 110' என்றிருக்கும். இராகமும் தாளமும் இருந்த இடத்தில் ஸ்கேலும் பீட்டும் உட்கார்ந்துவிட்டன. இது பாடுகிறவருக்கான குறிப்பன்று, இசைக்கருவிக்கான குறிப்பு. புரொஜெக்டர் திரையில் தமிழ் வரிக்குக் கீழே ரோமன் எழுத்தில் அதே வரி வரும். தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத தெலுங்கு, கன்னட வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பாடுகிறார்கள். தமிழ் முடிந்து தெலுங்கு ஆராதனை தொடங்கும்போது மெட்டும் பீட்டும் அப்படியே இருக்க, சொல் மட்டும் மாறுவதுண்டு. ஷிப்டு முடித்து வந்தவர்கள் உட்காரும் கூட்டத்தில் பாட்டை மொழி பிரிக்கிறது, 'டி மைனர்' சேர்க்கிறது. இதை மேற்கத்திய மோகம் என்று ஒதுக்குகிறவர்கள், எல்லைப்புறத்தில் இராகப் பெயரைவிட இந்தக் குறிப்பு மூன்று மொழியாரையும் ஒரே நேரத்தில் கைதட்ட வைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வாசிப்பவர் தம்மை இசைக்கலைஞர் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. அவர் செய்வது 'ஊழியம்', கையில் வருவது சம்பளமாக இராது, 'காணிக்கை'யாக இருக்கும், மற்றவர்கள் அவரை 'பிரதர்' என்பார்கள்.

தம்மைக் கிறிஸ்தவராகக் காட்டும் இந்தச் சொற்களைச் சொல்ல முடியாதவர்கள் இருக்கிறார்கள். இக்கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. அவர்களின் மௌனத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் இன்றும் வெளியே. மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுத் தொடர்ந்து ஆலயம் செல்லும் ஒருவர் பட்டியல் சாதிச் சான்று கோருவதை ஏற்க மறுத்தது. நம்பிக்கையில்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்லுவது அரசமைப்பை ஏமாற்றுவது என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பின் சட்ட நியாயத்தை இங்கே நான் எடைபோடவில்லை. இசையாய்வில் அதன் விளைவைச் சொல்கிறேன். திருவிழாவில் தேர்பவனிக்கு வாசிக்கும் பேண்டு செட்டுக்காரரோ பறை அடிப்பவரோ சாதிச் சான்றில் 'இந்து' என்றே இருக்கலாம். மறுவாரம் மாரியம்மன் பண்டிகைக்கும் வாசிக்கலாம். 'உங்கள் இசை கிறிஸ்தவ இசையா?' என்று கேள்வித்தாளோடு போகும் ஆய்வாளருக்கு அவர் இல்லை என்பார், அல்லது சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார். ஆய்வாளர் அவரை 'கூலிக்கு வாசிப்பவர்' என்ற பத்தியில் போட்டுவிடுவார். பிள்ளையின் கல்லூரி இடத்தையும் வேலையையும் பணயம் வைத்துத்தான் அவர் ஆம் என்று சொல்ல முடியும். தன் பெயருக்கு முன் 'சுவிசேட' என்று போட்டுக்கொள்ள சாஸ்திரியாருக்கு இப்படிப்பட்ட விலை கேட்கப்படவில்லை.

எனவே இம்மாவட்டத்துக் கிறிஸ்தவ இசையை ஆவணப்படுத்த முனைவோர் சுயஅடையாளக் கேள்வியை முதலில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. எந்தப் பாட்டு, யாருடைய சாவுக்கு, யாருடைய கல்யாணத்துக்கு, எந்தத் தெருவில், யார் பணம் கொடுத்து, யார் பணம் வாங்காமல் வாசித்தார்கள் என்று கேட்க வேண்டும். கல்லறைத் திருநாளில் கூலி வாங்காமல் வாசிக்கும் ஒருவர் மற்ற நாள்களில் வாங்குகிறார் என்றால், அந்த வித்தியாசத்துக்குள் ஒரு விசுவாச அறிக்கை இருக்கிறது. அதைச் சமயப் பெயரின்றி, ஊர்ப் பெயரோடும் கருவிப் பெயரோடும் மட்டும் பதிவுசெய்வதே அவருக்கும் பாதுகாப்பு, ஆய்வுக்கும் நேர்மை.